பூசாத சுவர்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்தது சிறிது நேரம். எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்ததோ நெடுநேரம்!

2023-ஆம் ஆண்டு மே மாதம். பள்ளி விடுமுறைக் காலம். திருவனந்தபுரத்தின் ஓரத்தில், நான்கு சென்ட் மனையில் நிற்கும் எங்கள் சின்னஞ்சிறு வீட்டின் கூடத்தில் ஆறு பேர் அமர்ந்திருந்தனர். அம்மா தட்டில் பலகாரம் வைத்தார். அப்பா கைகட்டி நின்றார். வந்தவர்களில் மூத்தவர் செங்கல் தெரியும் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வீட்டு வேலை எப்போது முடியும்?” என்று கேட்டார். அந்த வீடு முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன! அப்பா விடை சொல்லவில்லை, தலை தாழ்ந்தது. அடுத்து அம்மூத்தவரே என் பக்கம் திரும்பி, “கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகவேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் அது வழக்கமில்லை” என்றார். கேள்வி அன்று அது, தீர்ப்பு!

மூன்றாம் நாள் தரகர் வழியே விடை வந்தது. பூசக்கூட வழியில்லாத வீட்டில் சம்பந்தம் செய்வது எப்படி என்று அவர்கள் நினைக்கிறார்களாம்.

தோழர்களே, என் சொந்தக் கதையை ஏன் உங்கள்முன் வைக்கிறேன் என்று கேட்கலாம். நாட்டில் ஆயிரமாயிரம் இல்லங்களில் நடக்கும் கதையல்லவா இது? சுவருக்குப் பூச்சில்லை என்றால் பெண்ணுக்கு மதிப்பில்லை. பெண்ணுக்கு வேலை உண்டு என்றால் அது அவள் குறை! இந்த இரு தீர்ப்புகளையும் ஒரே வாயால் கேட்ட அன்றுதான், எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த ஒரு கட்டடக் கலைஞரின் வாழ்வை நான் முழுமையாக அறிந்துகொள்ள விரும்பினேன். ஏனென்றால் அந்தப் பூசாத சுவர் அவரிடமிருந்து எங்கள் பாட்டா கற்றுவந்த சுவர்.

பாட்டா என்றால் என் தந்தையின் தந்தை. குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்த கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரின் நேர்மையைச் சொல்லிவிடுவார். 1970-களின் தொடக்கத்தில் உள்ளூர் என்னும் பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் எழுந்தபோது, கையாளாகச் சேர்ந்து, கரணை பிடிக்கும் கொத்தனாராக வெளியே வந்தவர். அந்தக் கட்டடங்களை வடிவமைத்தவர் லாரி பேக்கர். பாட்டாவுக்கு அவர் ‘சாயிப்பு’. பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

நான் சிறுமியாக இருந்தபோது பள்ளித் தோழிகளின் வீடுகளெல்லாம் இளஞ்சிவப்பும் இளநீலமுமாக மின்னும். எங்கள் வீடு மட்டும் உரித்த கோழிபோல் நிற்கிறதே என்று அழுதிருக்கிறேன். பாட்டா சிரிப்பார். “மக்களே, பூச்சுங்கது கொத்தன் செஞ்ச கோணல மறைக்கதுக்கு. நேரா கெட்டுனவனுக்கு எதுக்குப் பூச்சு?” என்பார். விளங்காத வயது. விளங்கியபோது பாட்டா இல்லை.

2007 ஏப்ரல் 1. பேக்கர் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார். மறுநாள் யாரோ நாளேட்டைப் படித்துச் சொல்ல, பாட்டா வேலைக்குப் போகாமல் திண்ணையில் அமர்ந்திருந்தார். எட்டு வயதுச் சிறுமி நான், “சொந்தக்காரரா பாட்டா?” என்று கேட்டேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

யார் இந்தப் பேக்கர்? 1917 மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை பயின்று 1937-இல் பட்டம் பெற்றவர். ஆங்கிலேயர். வெள்ளைத் தோலைக் கண்டு வியக்கும் அடிமைப் புத்தி நமக்கு வேண்டாம். அந்நியர் என்று வெறுக்கும் குறுகிய புத்தியும் வேண்டாம். மனிதரை அவர் செய்த வேலையைக்கொண்டு அளப்போம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. துப்பாக்கி தூக்க மாட்டேன் என்றவர், நண்பர்கள் சபையினரான குவேக்கர்களின் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனம் சென்றார். கட்டடக் கலைஞர் அங்கே மயக்க மருந்து கொடுக்கும் பணியைக் கற்றார், தொழுநோயாளிகளைப் பேணினார். தாயகம் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் காந்தியாரைச் சந்தித்தார். கந்தல் துணியில் தாமே தைத்து அணிந்திருந்த பேக்கரின் காலணியைக் காந்தியார் கவனித்துப் பேச்சுக் கொடுத்தாராம். வீடு கட்டத் தேவையான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்ற காந்தியாரின் கருத்து, பேக்கரின் உள்ளத்தில் ஆணிபோல் இறங்கியது.

1945-இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். தொழுநோயாளிகளை ஊருக்குப் புறத்தே அடைத்துவைத்த விடுதிகளைச் சிகிச்சை பெறும் மருத்துவமனைகளாக மாற்றும் பணி. ஒதுக்கிவைக்கும் சுவரை இடித்துக் குணப்படுத்தும் சுவரை எழுப்பும் பணி என்று சொல்லலாம். ஒதுக்கிவைக்கும் சுவர்களை நாம் அறியாதவர்களா? அவற்றின் வகையும் தொகையும் நமக்கு மனப்பாடம் அல்லவா!

அங்கேதான் எலிசபெத் ஜேக்கப்பைச் சந்தித்தார். கேரளத்துப் பெண். மருத்துவர். இருவர் கருத்தும் ஒன்றின, உள்ளம் ஒன்றியது. இரு வீட்டாரும் எதிர்த்தனர். நிறம் வேறு, நாடு வேறு, மொழி வேறு. ஓடிப்போகவில்லை, பணிந்துபோகவும் இல்லை. பொறுத்திருந்தனர். 1948-இல் மணந்தனர்.

மணமக்கள் இமயத்துக் குமாவோன் பகுதியிலுள்ள பித்தோராகருக்குச் சென்றனர். வந்திருப்பவள் மருத்துவர் என்று மலைமக்களுக்குத் தெரிந்தது. நோயாளிகள் வரத்தொடங்கினர். சில நாள் தங்கச் சென்றவர்கள் பதினாறு ஆண்டுகள் தங்கினர்!

இந்த இடத்தில் நில்லுங்கள், தோழர்களே. இந்த இடம்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் இடம். மனைவிக்கு வேலை இருக்கும் ஊரில் கணவன் குடியேறினான். அவள் மருத்துவம் செய்ய அவன் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு மருத்துவமனை கட்டினான். அவள் அறுவை செய்தபோது அவன் மயக்க மருந்து கொடுத்தான். தேவைப்பட்டபோது செவிலியாக நின்றான். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞன், மனைவியின் மேசைக்குப் பக்கத்தில் உதவியாளன்! அதனால் அவன் ஆண்மை குன்றிற்றா? குடும்ப மானம் கப்பலேறிற்றா? ஒரு மகனும் இரு மகள்களுமாக அந்தக் குடும்பம் தழைத்தது.

குடும்பத்தின்மீது பற்றுடையவர் என்று நம் ஊரில் யாரைச் சொல்கிறோம்? மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கொடுப்பவரை. மகளுக்கு நகை சேர்ப்பவரை. மனைவியை ‘வெயில் படாமல்’ வைத்திருப்பவரை! மனைவியின் அறிவும் உழைப்பும் உலகுக்குப் பயன்படத் தம் தோளைக் கொடுப்பவரைச் சொல்கிறோமா? பேக்கருக்குக் குடும்பப் பற்று என்றால் அதுதான். வீட்டைத் தாங்கும் சுவர் ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுப்புவது. ஒரு செங்கல்லை மற்றொரு செங்கல்லின் முதுகில் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அது சுவரன்று, கற்குவியல்.

அந்தப் பதினாறு ஆண்டுகள் அவருக்குப் பள்ளிக்கூடமுமாயின. பர்மிங்காமில் படித்த பாடம் மலையில் பயன்படவில்லை. மண்ணையும் சாணத்தையும் கல்லையும் மரத்தையும் கையாளும் முறையை எழுத்தறியாத மலைவாசிகளிடம் கற்றார். படித்தவன் பாமரனிடம் பாடம் கேட்டான். ஆசிரியையாக இருக்கும் எனக்கு இந்தச் செய்தி தரும் மகிழ்ச்சியும் வெட்கமும் கொஞ்சமல்ல. மாணவரின் தாய்தந்தையர் செய்யும் தொழிலில் எத்தனை அறிவு இருக்கிறது என்று நாம் என்றேனும் கேட்டிருக்கிறோமா?

1963-இல் குடும்பம் கேரளத்து வாகமண் மலைக்கு வந்தது. அங்கும் மருத்துவப் பணி. 1969-இல் திருவனந்தபுரம். அன்றுமுதல் அவர் எங்கள் ஊர்க்காரர். நாலாஞ்சிறையில் பாறை நிறைந்த செங்குத்தான சரிவில் தமக்கென்று ஒரு வீடு கட்டினார். ஒரே மூச்சில் கட்டி முடித்த மாளிகையன்று அது. தேவை வளர வளர அறைகள் வளர்ந்தன. இடித்த கட்டடத்தின் மரம், உடைந்த ஓடு, வேண்டாமென்று எறிந்த புட்டி எல்லாம் அங்கே சுவராயின, ஒளியாயின. பின்னர் அவர் இந்தியக் குடிமகன் ஆனார். 1990-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் கட்டிய முறைதான் என்ன? பாட்டா எனக்கு விளக்கியதை, பின்னர் நூல்களில் சரிபார்த்துச் சொல்கிறேன்.

முதலாவது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கை வாட்டில் வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, உட்புறம் ஒரு வரிசை, வெளிப்புறம் ஒரு வரிசை; நடுவே வெற்றிடம்; குறுக்கே ஒரு கல் இரண்டையும் இணைக்கும். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம். ஆனால் நூறு செங்கல் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ எழுபத்தைந்து போதும். இடையிலுள்ள காற்று வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. செலவும் குறைவு, சூடும் குறைவு.

இரண்டாவது, ஓடு வைத்த கான்கிரீட் தளம். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தளத்தின் அடிப்பகுதியில் வரும் இழுவையைத் தாங்குவது கம்பி. அப்படியானால் கம்பிகளுக்கு இடையே அடிப்பகுதியில் கிடக்கும் கான்கிரீட் என்ன செய்கிறது? பெரும்பாலும் வெறும் சுமையாகத் தொங்குகிறது! அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டும் மிச்சம், பாரமும் மிச்சம். உழைக்காமல் பாரமாகத் தொங்குபவை கட்டடத்தில் மட்டுமா இருக்கின்றன என்று நம் இளைஞர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

மூன்றாவது சன்னல். சட்டமும் கதவும் கம்பியும் கண்ணாடியும் கொண்ட சன்னல், அதே பரப்புள்ள சுவரைப்போலப் பல மடங்கு விலை. பேக்கர் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிச் சாளரச் சுவர் எழுப்பினார். காற்று வரும், வெளிச்சம் வரும், திருடன் வரமாட்டான். கதவு வேண்டும் என்றால் ஒரே பலகை, மேலும் கீழும் இரண்டு முளை, இரண்டு குழி. சட்டமும் இல்லை, கீலும் இல்லை.

நான்காவது வட்டம். இதை என் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். நூறு சதுர அடி அறை வேண்டும். இருபதுக்கு ஐந்தாகக் கட்டினால் சுற்றுச்சுவர் 50 அடி. பத்துக்குப் பத்தாகக் கட்டினால் 40 அடி. வட்டமாகக் கட்டினால் ஏறத்தாழ 35 அடி. இடம் ஒன்றே, சுவர் குறைகிறது. வட்ட அறை கண்டு வியப்பவர்கள் அதன் அழகைப் பார்க்கிறார்கள். அதற்குள் ஏழையின் பணப்பை இருப்பதைப் பார்ப்பதில்லை.

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸைத் திருவனந்தபுரம் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நத்தை ஓடுபோல் சுருண்டு எழும் செந்நிறக் கட்டடம். சரிவான நடைபாதையே மாடியாக மேலேறுகிறது, சுவரோரம் மேசைகள், சாளரத் துளை வழியே வெளிச்சம். அங்கே மின்விசிறிக்கு அடியில் இடம்தேடிச் சண்டையிட வேண்டியதில்லை. சுமை தூக்குபவரும் அரசு அலுவலரும் ஒரே வளைவில் அமர்ந்து காப்பி குடிக்கிறார்கள். உள்ளூர் வளாகத்தில் மரத்தை வெட்டாமல் சுவரே வளைந்து வழிவிடுகிறது. பூந்துறை மீனவர்களுக்கும் செங்கல்சூளைக் குடிசை மக்களுக்கும் அவர் வீடு கட்டினார். வகுப்பு வகுப்பாகப் பிரித்து ‘இன்னாருக்கு இந்த அளவு’ என்று அட்டவணை போட்டு வீடு கட்டுவதை அவர் வெறுத்தார். இந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது, யார் சமைக்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டறிந்து அந்தக் குடும்பத்துக்கென்று கட்டினார். சிக்கனம் ஏழைக்கு மட்டும் விதித்த தண்டனையன்று, செல்வர்க்கும் அது கடமை என்பது அவர் கொள்கை.

பெரிய அலுவலகம் கிடையாது. கிடைத்த துண்டுக் காகிதத்தின் பின்புறத்தில் வரைவார். வேலை நடக்கும் இடத்துக்கே வருவார். “வருவாரு, நிப்பாரு, பாப்பாரு. கோணலா இருந்தா பிரிக்கச் சொல்லுவாரு. நேரா இருந்தா ஒண்ணும் சொல்லமாட்டாரு, அதுதான் பாராட்டு” என்பார் பாட்டா.

இந்த முறையின் பொருளாதாரத்தைக் கவனியுங்கள். சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். செங்கல் அடுக்கும் கைக்குப் போகும் பணம் ஊரிலேயே அடுப்பெரிக்கும். பூசாத சுவரைக் கட்டத் தேர்ந்த கை வேண்டும். தேர்ந்த கைக்குக் கூலி கூடும். பாட்டா நான்கு சென்ட் மனை வாங்கியது அந்தக் கையால். 1988-இல் பாட்டி கல் எடுத்துக்கொடுக்கத் தாமே எழுப்பியதுதான் எங்கள் வீடு. நல்ல நேரம் பார்க்கவில்லையா என்று கேட்டேன். மழை ஓய்ந்த நேரம் பார்த்தோம் என்றார்.

1985-இல் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து பேக்கர் தொடங்கிய காஸ்ட்போர்டு என்னும் நிறுவனம் இந்த முறையைப் பரப்பி வருகிறது. தாமே படம் வரைந்து, கேலியும் கிண்டலும் கலந்து, வீட்டுச் செலவைக் குறைப்பதுபற்றிச் சிறுசிறு நூல்கள் எழுதினார். தொழில் இரகசியம் என்று மூடி வைக்கவில்லை. அறிவைச் சிலருக்கு மட்டும் என்று பூட்டிவைத்த நாட்டில், இதுவே ஒரு புரட்சி!

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. ஆளை உயர்த்தி வைத்து மாலை போட்டுவிட்டு, அவர் சொன்னதை மறப்பது நம் நாட்டுப் பழம்நோய். குறைகளையும் சொல்கிறேன். மலைநாட்டு அடைமழையில் பூசாத சுவரில் பாசி படரும். இடைவெளி விட்ட சாளரச் சுவரில் கொசுவும் சாரலும் நுழையும். சரியாகக் கட்டாத இடத்தில் ஈரம் இறங்கும். எங்கள் வீட்டு மேற்குச் சுவரை ஆண்டுதோறும் துடைத்துப் பேணத்தான் வேண்டியிருக்கிறது. அவர் கடவுள் நம்பிக்கை உடையவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சார்ந்த நண்பர்கள் சபையின் வழிபாட்டில் பூசாரி இல்லை, மந்திரம் இல்லை. கூடி அமைதியாக அமர்வதே வழிபாடு. நம்பிக்கையில் நாம் அவரோடு வேறுபடலாம். உழைப்பின் நேர்மையில் வேறுபட முடியுமா?

இன்னொரு குறை. அது அவருடையதன்று, நம்முடையது. பேக்கரின் பெயர் நிலைத்தது. அந்தச் சுவர்களை அடுக்கிய கைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உள்ளூர் வளாகத்தில் ஒருநாள் நின்று, இவற்றுள் எது பாட்டா வைத்த கல் என்று தேடினேன். கோயிலாயினும் கோட்டையாயினும் காப்பிக் கடையாயினும் கட்டியவன் மறக்கப்படுவது ஒன்றே. இந்தக் கட்டுரையில் பாட்டாவின் பெயரை நான் எழுதவில்லை. அவர் ஒருவரல்லர் என்பதால்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

தரகர் சொல் அப்பாவைச் சுட்டது. “முன்சுவரையாவது பூசிவிடலாம்” என்றார். நான் மறுத்தேன். அம்மா அழுதார். 1,80,000 ரூபாய் கடன் வாங்கி முன்சுவரைப் பூசி, இரண்டு போலித் தூண் வைத்து, மஞ்சள் வண்ணமும் அடித்தார் அப்பா. இடையே வாஸ்து பார்ப்பவர் ஒருவர் வந்து, வாசற்படி இருக்கும் இடம் தவறு, பெண்ணுக்குத் திருமணம் தடைப்படுவது அதனால்தான் என்றார். வாசலை மாற்ற 40,000 ரூபாய் ஆகும் என்று கணக்கும் போட்டார். அப்பா மறுத்தார். பகுத்தறிவால் அன்று, கையில் பணமில்லாததால்! வறுமையும் சில நேரம் பகுத்தறிவின் வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு முகம். தெருவைப் பார்க்கும் முகம் மஞ்சள். கொல்லையைப் பார்க்கும் முகம் செங்கல். முதல் மழைக்காலத்திலேயே மஞ்சள் முகத்தில் விரிசல் விழுந்தது. பாட்டாவின் சுவரில் இன்றுவரை விரிசல் இல்லை. கடனுக்கு மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் தவணை. அதைக் கட்டுவது யார்? ‘வேலைக்குப் போகவேண்டியதில்லை’ என்று தீர்ப்பளிக்கப்பட்ட என் சம்பளம்!

ஒருநாள் இரவு தவணைச் சீட்டை அப்பாவிடம் கொடுக்கும்போது பேக்கரின் கதையைச் சொன்னேன். சுவரைப்பற்றிச் சொல்லவில்லை; சுவரைப்பற்றி அப்பாவுக்கு என்னைவிட நன்கு தெரியும். பித்தோராகர் மலையைப்பற்றிச் சொன்னேன். மனைவி அறுவை செய்ய, கணவன் மயக்க மருந்து கொடுத்துப் பக்கத்தில் நின்றதைச் சொன்னேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சாயிப்பு அப்படியா இருந்தாரு? அப்பா இத எங்கிட்ட சொல்லல்லியே” என்றார். ஆண்கள் சுவரைப்பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், வீட்டைப்பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த ஆண்டு மற்றொரு குடும்பம் வந்தது. மஞ்சள் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். காப்பி குடித்தார்கள். பின் அதே பேச்சு வந்தது. வேலையை விட்டுவிடட்டுமே என்றார்கள். நான் வாய் திறக்குமுன் அப்பா எழுந்தார். “கொஞ்சம் இப்படி வாருங்கள்” என்று அவர்களைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார். செங்கற்சுவரின்மேல் கைவைத்து, “இதுதான் எங்கள் வீடு. முன்னால் இருப்பது கடன். இந்த வீட்டைக் கட்டியவர் வேலை தெரிந்தவர். என் மகளும் வேலை தெரிந்தவள். அவள் வேலையை விடமாட்டாள்” என்றார்.

அவர்களும் போய்விட்டார்கள். போகட்டும்! அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் தலை தாழவில்லை. அம்மா அழவும் இல்லை. மிஞ்சிய பலகாரத்தை நாங்கள் மூவரும் கொல்லைப்படியில் அமர்ந்து தின்றோம். அப்பாவின் முதுகு பாட்டாவின் சுவரில் சாய்ந்திருந்தது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் வீடு கட்டுவீர்கள், மணம் செய்வீர்கள். கடன் வாங்கித் தூண் வைக்குமுன் அந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று கேளுங்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டில் சுவரைப் பார்ப்பதை விட்டு, அந்தப் பெண்ணின் கையில் இருக்கும் தொழிலைப் பாருங்கள். அவள் தொழிலுக்கு உங்கள் தோள் உதவுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் பெண்ணுரிமை, வீட்டில் பெண்ணடிமை என்றால், அது பூசிய சுவர். அடுத்த மழை காட்டிக்கொடுத்துவிடும்.

முன்சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்துவிடலாமா என்று ஒரு கொத்தனாரைக் கேட்டேன். எடுத்தால் செங்கல்லின் முகமும் பெயர்ந்துவிடும் என்றார். ஆகவே அது இருக்கட்டும்; எங்கள் அச்சத்தின் நினைவாக இருக்கட்டும். விரிசல் விழுந்த இடங்களில் மட்டும் மேற்பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த மழையில் ஒரு துண்டு உதிர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கல் தெரிகிறது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது.